கிறிஸ்தவம் என்னால் தோற்றுவிடும்போல் இருக்கிறது

ஏழாயிரம்பண்ணை,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு, தங்கை செல்லக்கனி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முகத்தைத் தவிர.

நம்ம கோயில் பண்டிகைப் பட்டிமன்றத்தில் இருந்தவர்கள்: சபைப் போதகரான ஐயர், அவர் சம்சாரம் ஐயரம்மா, நடுவராக வந்த அச்சாபீஸ் முதலாளி ராம்குமார் (அவுக இந்து, பட்சபாதம் இருக்காதென்று பிடித்தோம்), என் வீட்டுக்காரராகிய உங்கள் மாப்பிள்ளை, சபையார், அசனச் சாப்பாட்டுக்கு வந்த ஊர்க்காரர்கள், அவர்களில் என் அடுத்த வீட்டு முத்துமாரியம்மாள். இந்தக் கடைசிப் பேரை முதலிலேயே பார்த்திருந்தால் மைக்கைத் தொட்டிருக்க மாட்டேன்.

தலைப்பு, கிறிஸ்தவம் வென்றதா தோற்றதா. நான் 'வென்றது' என்ற அணி. நீங்கள் எழுதி அனுப்பிய பேச்சை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக் கணக்கு எழுதியே பழகின புத்தி, ஒரு வரவையும் விடக்கூடாதென்று சொந்தமாக ஒன்று சேர்த்தேன். "சத்துருவையும் நேசிக்கச் சொன்ன மார்க்கம் இது. அடுத்த வீட்டுக்காரியின் ஆடு என் குருத்தோலைச் சிலுவையைத் தின்றதிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை. ஆனாலும் போன மாசம் அவ வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதும், முழங்காலில் நின்று அவளுக்காகச் செபித்தேன்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து முத்துமாரி எந்திரிச்சா, அண்ணே. "ஏக்கா, செபிச்சீகளாக்கும்? அன்னைக்கு நான் வேன விட்டு எறங்குறேன், தெருவே என் வாசல்ல நிக்கிது, உங்க வீட்டுக் கதவு மட்டும் சாத்திக் கெடக்கு. நான் இருக்கேனா செத்தேனான்னு உங்க சாமிகிட்ட கேட்டீகளே, கதவத் தொறந்து எட்டிப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

கூட்டம் சிரிச்ச சிரிப்புல ஐயரம்மாவே முந்தானையை வாயில் வச்சுக்கிட்டாக. சோறு வெந்துருச்சான்னு பார்க்கப் போன உங்க மாப்பிள்ளை திரும்பி வரவே இல்லை. நடுவர் எழுந்து, "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுது. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தம்மா அந்தம்மா வீட்டுப் படி ஏறுனா கிறிஸ்தவம் வென்றது. ஏறலைன்னா தோத்தது" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உக்காந்துட்டார்.

இரண்டாயிரம் வருஷத்து மார்க்கம் இப்ப என் கால்ல வந்து நிக்கிது. பால் வாங்கப் போனா, "படி ஏறியாச்சா?"ங்கிறாக. அவ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன், அண்ணே. அன்னைக்கு ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்ல? செத்திருந்தா துட்டி கேக்கப் போவோம், உசுரோட இருந்தா எதுக்குப் போகணும்னுதான் உள்ள இருந்தேன். இதை எழுதவே கை கூசுது.

ஆகையால் நான் அங்கே போகாமலே, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி வகையில் வென்றதாகத் தீர்ப்புச் சொல்லும்படி நடுவருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்குவாராக. போகிற வழியில் எங்கள் தெருவுக்கும் வரட்டும்.

பின்குறிப்பு: நடுவருக்கு எழுத வேண்டாம். உறையை ஒட்டப் போகையில் வாசலில் முத்துமாரி. "நீங்க வர மாட்டீக. எனக்கும் தெருவுல பதில் சொல்லி மாளல. தள்ளுங்க"ன்னு படியேறி உள்ள வந்து உக்காந்துட்டா. "மொகம் ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு, சாப்பிட்டீகளா?"ங்கிறா. நான் அழுதுட்டேன். காப்பி கொதிக்கிற சாக்கில் அடுப்படியில் நின்று இதை எழுதுகிறேன். படி ஏறினது அவ, நானில்லை. சத்துருவை நேசிக்கச் சொன்னதைச் செய்து காட்டினவள் நம்ம சபையே இல்லை. அப்போ நாம் வென்றோமா, தோற்றோமா? ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.