முட்டை ஓடும் மகளின் முழங்காலும்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த உயிரைப் பார்த்தாலும் கோழியாகவே தெரியும். மாமனார் சோர்ந்து உட்கார்ந்தால் "தீவனம் எடுக்கறாரா?" என்று கேட்கத் தோன்றும். (ஒருமுறை கேட்டும் விட்டேன்.) எனக்கு இந்த வியாதி எவ்வளவு முற்றியிருந்தது என்பது மூன்று வருடங்களுக்கு முன்பு, என் மகள் யாழினிக்கு ஒன்பது வயதானபோது தெரிந்தது.

தினமும் சாயங்காலம் முழங்கால் வலிக்கிறது என்பாள். "வளர்ற வலி சாமி" என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அதே இரண்டு வாரத்தில், பண்ணையில் சில முட்டைகள் ஓடு மெலிந்து வந்ததற்காகத் தீவன ஆலைக்காரரிடம் "வைட்டமின் டி3 சரியாப் போட்டீங்களா, இல்லீங்களா?" என்று தினமும் அரை மணி நேரம் சண்டை போட்டேன். பொறுத்துப் பார்த்த என் மனைவி கவிதா, எங்கள் இருவரையும் காரில் ஏற்றி அஸ்தம்பட்டியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னார்: "வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு."

எனக்குச் சொந்த ஊர்க்காரரைச் சென்னையில் பார்த்தது போலாகிவிட்டது.

"டி3 பத்தி நமக்குத் தெரியாததுங்களா டாக்டர்? ஓட்டுக்குக் கால்சியம். கால்சியம் ஒடம்புல சேர்றதுக்கு டி3. இருவதாயிரம் கோழிக்குப் போடறனுங்க."

"எதுக்குப் போடறீங்க? அதுங்க வெயில்ல மேயாதா?"

"எங்கீங்க மேயறது? எந்நேரமும் கூண்டுக்குள்ளயே கெடக்குதுங்க. வெயிலே படாது. நாமதான் போடோணும்."

அவர் யாழினியிடம் திரும்பி, "பாப்பா, காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணுவே?" என்றார். வேன், வகுப்பு, வேன், டியூஷன், டிவி, தூக்கம் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். அறையிலிருந்த எல்லோருக்கும் புரிந்தது. (எனக்கு, திரும்பி வரும்போது ஆண்டகளூர் கேட் தாண்டியதும் புரிந்தது.)

பொடிப் பாக்கெட்டுகள் எழுதிக் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் டாக்டர் விளக்கினார். பிள்ளையைத் தினமும் வெளியே விளையாட விடச் சொன்னார். அந்த நேரத்தில் நான் தீவன ஆலைக்காரருக்கு, "டி3 முக்கியம்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வார இறுதியில் கவிதா, தங்கையின் பிரசவத்துக்காகத் திருச்செங்கோடு போனாள். "மருந்து எப்படின்னு சீட்டுல இருக்குதுங்க. பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அறுநூறு பக்க நாவலை இரண்டே நாளில் படித்துவிடுபவன் நான். நாலு வரிச் சீட்டைப் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? பண்ணையில் ஓடு மெலிந்தால், குடிக்கிற தண்ணீரில் வைட்டமினைக் கலந்து ஐந்து நாள் விடாமல் கொடுப்போம். மகளுக்கும் அதே முறை. திங்கட்கிழமை பாலில் ஒரு பாக்கெட். செவ்வாய்க்கிழமை இன்னொன்று.

புதன்கிழமை காலை அவள் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வாரத்துக்கு ஒன்னுன்னுதான் டாக்டர் சொன்னாங்கப்பா."

"அஞ்சு நாள் கோர்சு சாமி. அப்பனுக்குத் தெரியாதா? குடி."

"நானென்ன கோழியாங்கப்பா?"

குரல் நடுங்கியது. கை டம்ளரை விட்டு நகரவில்லை. மற்றொரு கையால் மேசையிலிருந்த சீட்டை இழுத்து என் முன்னால் வைத்தாள். "நேத்தே சொன்னேன். நீங்க போன்ல முட்டை வெலை பேசிட்டே 'ம்' கொட்டுனீங்க."

வாரம் ஒரு முறை. தெளிவான கையெழுத்து. (டாக்டர்களில் அது ஓர் அபூர்வ குணம்.)

அதுவரை நான் பெருமையடித்துக்கொண்ட அறிவெல்லாம் அப்போதுதான் என் மேலேயே பாய்ந்தது. டி3 மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் படியும். செத்த கோழியை அறுத்து நானே பார்த்திருக்கிறேன். உடனே கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அறிவுன்னு எதாச்சும் இருக்குதுங்களா? மொதல்ல புள்ளையக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போங்க. நானும் அங்கயே வாரேன்." (எங்கள் ஊரில் திட்டும்போதும் மரியாதை குறையாது. அதனால்தான் திட்டு அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.)

வழியெல்லாம் "வாந்தி வருதா சாமி? தாகம் எடுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

"நீங்க ரோட்டப் பாருங்கப்பா" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் எனக்கு வயது பத்து கூடியது. கால்சியம் சரியாகவே இருந்தது.

"ரெண்டோட நின்னதால கவலை இல்லை" என்றார் டாக்டர். "இது அளவு கூடக் கூட நல்லதுங்கற சத்து இல்ல சார். உடம்புல தங்கும். இப்போதைக்கு நிறுத்துங்க, எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். ஆமா, மூணாவதை நிறுத்தினது யாரு?"

நான் மகளைக் காட்டினேன்.

அவர் புதுச் சீட்டு எழுதினார். நான் கை நீட்டினேன், கவிதாவும் நீட்டினாள். அவர் எழுந்து வந்து அதை யாழினியிடம் கொடுத்தார். "நான் ஆரம்பிக்கச் சொன்னதும் வாரத்துக்கு ஒன்னு. இனிமே உங்க பொறுப்பு."

"சரிங்க டாக்டர்" என்று என் மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எல்லாம் தெரிந்த அப்பன் குடி என்று அதட்டும்போது, டம்ளரை மூடிக்கொள்ள எத்தனை துணிச்சல் வேண்டும்! அவள் வயதில் நானாக இருந்தால் ஐந்து நாளும் குடித்திருப்பேன். இருபதாயிரம் கோழிகளில் ஒன்றுகூட என்னை அப்படி மறித்ததில்லை.

டியூஷனை நிறுத்தினோம். பள்ளி விட்டு வந்ததும் பண்ணைக்கு வெளியே சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தாள். சில மாதங்களில் வலி போயே போய்விட்டது.

இப்போது வீட்டு மருந்துப் பெட்டி முழுவதும் அவள் வசம். எனக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒன்றே ஒன்றை எடுத்து நீட்டி, நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் கட்டாயம் சத்தமாகக் கேட்பாள்:

"இல்ல, அஞ்சு நாளைக்குத் தண்ணித் தொட்டியில கலந்து உட்றலாமுங்களாப்பா?"