பச்சைக் கமாண்டரும் எங்கள் அத்தானும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரு பொய் உலாவிக்கொண்டிருக்கிறது. தீபாவளியும் அதுவுமாக அத்தானை நான் டிவியில் பச்சைப் பூதமாகக் காட்டினேன் என்பது அந்தப் பொய். அது பூதமே இல்லை. வேற்றுக்கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வந்த கமாண்டர். பூதத்துக்கும் கமாண்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம்தான் நான் இத்தனை வருஷமாக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விழாக்களில் பல குரலில் பேசிக் கைதட்டல் வாங்கியவள் என்பதால், உலகம் எனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் தலைக்குள் நிரந்தரமாகக் குடியிருந்தது. உலகத்துக்குப் பதிலாக இசக்கி அண்ணாச்சி வந்தார். எங்கள் பகுதிக்குக் கேபிள் இணைப்புக் கொடுப்பவர். சைக்கிள் கடை மாடியில் ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன டிவி, ஒரு மைக் வைத்துக்கொண்டு சொந்தமாக லோக்கல் சானலும் நடத்தினார்.

அவர் மச்சான் கப்பலில் வேலை பார்த்தார். எந்தத் துறைமுகத்திலிருந்தோ ஒரு கார்ட்டூன் கேசட் வாங்கி வந்து கொடுத்திருந்தார். என்ன பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை. தீபாவளி காலை பதினொரு மணிக்கு அதைப் போடப்போவதாகவும், சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கில் நான் நேரடியாகத் தமிழில் பேச வேண்டும் என்றும் அண்ணாச்சி சொன்னார். எல்லாக் குரலும் நானே.

கேசட்டைப் போட்டுக் காட்டினார். வேற்றுக்கிரகத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். ஒருத்தன் பெரியவன், பச்சை, மூன்று கண், எந்நேரமும் கத்துகிறான். இன்னொருத்தன் ஒல்லி, எல்லாரிடமும் அடி வாங்குகிறான். மூன்றாவது ஊதா நிறத்தில் நீளமான கண் இமையோடு ஒரு பெண். பூமியைப் பிடிக்க வந்தவர்கள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இறங்கி, அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். நாற்பது நிமிஷம் ஓடியபோது கரண்ட் போய்விட்டது.

"மீதியும் இதே மாதிரிதான் இருக்கும் பிள்ள," என்றார் அண்ணாச்சி.

"இவன் எதுக்குப் பூமிக்கு வாரான் அண்ணாச்சி?"

"எதுக்கோ வாரான். அடிக்கான், விழுதான். பிள்ளைக சிரிக்கும். உனக்கு என்னட்டி அதுல?"

"காரணம் இல்லாம எவனாவது அம்புட்டுத் தூரம் வருவானா?"

"எங்க வீட்டுக்கு எத்தன பேரு வாராவ. நான் காரணமா கேக்கேன்?"

நான் விடவில்லை. ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையில் அடுத்தவன் நாட்டின் மேல் படையெடுப்பது வஞ்சி என்று பரீட்சையில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். கார்ட்டூன் என்பதற்காகப் படையெடுப்பைக் காரணமில்லாமல் விட முடியுமா? ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். அவர்கள் கிரகத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. தாமிரபரணியைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். பச்சைக் கமாண்டரின் மனைவி அந்த ஊதாப் பெண். ஒல்லி அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அக்காவுக்காகத்தான் மச்சானிடம் இத்தனை அடியையும் பொறுத்துக்கொள்கிறான். எழுதி முடித்தபோது ஒல்லியை நினைத்து எனக்கே கண் கலங்கியது. (இதையும் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை.)

இங்கே எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். என் அக்கா காந்திமதியைக் கல்லிடைக்குறிச்சியில் கொடுத்திருந்தது. அத்தானுக்கு வங்கியில் வேலை. பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி, "ஒரு வாரம் இங்கன இருந்துக்கிட்டு வீடு பாத்துக்கிடுதேன் மாமா" என்று சித்திரை மாதத்தில் அக்காவோடு வந்தார். ஐப்பசியும் வந்துவிட்டது. என் அறை அவர்களுக்குப் போனது. நான் அடுக்களைக்கு வெளியே பாயை விரித்துக்கொண்டேன். அப்பாவுக்கு முன்னால் பேப்பர் அத்தான் கைக்குப் போனது. ஃபேன் எந்நேரமும் ஐந்தில் சுற்றியது. வீடு என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நல்ல வீடுதான், தண்ணி உப்பு." இதற்கெல்லாம் ஈடாக வாராவாரம் ஊருக்குப் போய்வரும்போது ஒரு கட்டு அப்பளம் கொண்டு வருவார்.

அடுக்களை வாசலில் படுத்தவள் என்பதால் அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுவதெல்லாம் என் காதில் விழும்.

"மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்ல? நீ உன் மகள்ட்டச் சொல்லு," என்பார் அப்பா.

"நான் சொன்னா அவ மூஞ்சியத் தூக்குவா. நாளைக்கும் பூரி கேட்டிருக்காவ," என்பாள் அம்மா.

காலையில் அதே இரண்டு பேரும் "மாப்பிள்ளை, இன்னொரு பூரி வைக்கட்டா?" என்று சிரித்த முகமாக நிற்பார்கள்.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை தாவணியோடு சைக்கிள் கடை மாடிக்குப் போனேன். முதல் நாற்பது நிமிஷம் அபாரமாகப் போனது. கீழே சைக்கிள் கடையில் டிவி பார்த்த கூட்டம் சிரிப்பது மாடி வரைக்கும் கேட்டது. அண்ணாச்சி பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நாற்பத்தொன்றாவது நிமிஷம், கமாண்டர் வெளியே போன நேரம் பார்த்து, ஊதாப் பெண்ணும் ஒல்லியும் கட்டிப்பிடித்து உதட்டோடு உதடு வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள்.

நான் அவர்களை அக்கா தம்பி என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். பத்துத் தடவையாவது அவள் வாயால் "என் உடன்பிறப்பே" என்று அவனைக் கூப்பிட வைத்திருந்தேன். கீழே சிரிப்பு சட்டென்று நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"நிறுத்திருங்க அண்ணாச்சி," என்றேன் மைக்கைப் பொத்திக்கொண்டு.

"எல்லா வீட்டுக்கும் லைன் போயிட்டு இருக்கு. எதையாவது பேசு, பேசு."

"ஐயோ அக்கா, கண்ணுல தூசியா? இரு, ஊதுதேன்," என்றேன் ஒல்லியின் குரலில். (தூசி கண்ணில். ஊதியது வாயில். அதுவும் அரை நிமிஷத்துக்குக் குறையாமல்.)

அதோடு முடியவில்லை. அடுத்த காட்சியில் ஒல்லி தலையில் கிரீடம் ஏற, பச்சைக் கமாண்டர் அவன் காலில் விழுந்தான். அதாவது ஒல்லிதான் ராஜா. அப்படியானால் கமாண்டர் யார்? அந்தப் பெண்ணுக்கு அவன் என்ன முறை? இத்தனை நாள் ஏன் ராஜாவையே போட்டு அடித்தான்? நான் உறவு வைத்துக் கட்டிய வீடு மொத்தமும் சரிந்து கிடந்தது. நோட்டிலோ எழுதிவைத்த வசனம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஐம்பது நிமிஷம் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, கமாண்டர் அந்த வீட்டுக் கூடத்தில் சோபாவில் சாய்ந்து மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டான். வாய் அசைந்தது. என் வாயும் அசைந்தது. எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ஒரு வாரந்தான். வீடு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாம் நல்ல வீடுதான், தண்ணி உப்பு. அந்த ஃபேனை அஞ்சில வையுங்க."

கீழே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. முத்தத்துக்குப் பிறகு கிடைத்த முதல் சிரிப்பு அது. தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது, பிடித்துக்கொண்டேன். திரையில் அந்த வீட்டுக்காரரும் மனைவியும் அடுப்படியில் தலையைத் தலையை ஆட்டிப் பேசிக்கொண்டார்கள். "மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்ல? நீ உன் மகள்ட்டச் சொல்லு." "நான் சொன்னா அவ மூஞ்சியத் தூக்குவா. நாளைக்கும் பூரி கேட்டிருக்காவ." ஊதாப் பெண் வட்டவட்டமாக ஏதோ ஆயுதத்தை அடுக்கி நீட்டினாள். அதை அப்பளம் என்றேன். ஊரிலிருந்து கொண்டு வந்தது என்றேன்.

ஐம்பது நிமிஷமும் அப்படியே ஓடியது. முடிந்தபோது அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "காரணம் காரணம்னு கேட்டியே பிள்ள, இதுல்லா காரணம்," என்றார்.

சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். வழியில் நாலு வீட்டில் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "அப்பளம் நல்லா இருந்துச்சு கோமு," என்றாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாராட்டு என்றே நினைத்தேன்.

வீட்டில் டிவி அணைத்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். அப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அக்கா அறைக்குள் பெட்டியில் சேலைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அத்தான் மட்டும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"யாரச் சொன்ன நீ?" என்றார் அப்பா.

"யாரையும் சொல்லலப்பா. கற்பனை."

"எங்க அடுக்களைப் பேச்சு உனக்குக் கற்பனையாட்டி?" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான், மாப்பிள்ளை எதிரிலேயே ஒப்புக்கொண்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோமு, இங்கன வா. உக்காரு," என்றார் அத்தான். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டார். "அந்தப் பெரியவன் முதல்ல எதுக்கு வந்தான்?"

"தண்ணிக்கு, அத்தான்."

"தாமிரபரணியே கிடச்சிட்டுல்லா. பிறகும் அவன் ஏன் போகல?"

நோட்டில் அதற்கு என்ன எழுதினேன் என்று மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன்.

"முன்பாதியில காரணம் வச்ச. பின்பாதியில அவனச் சும்மா குந்த வச்சிட்ட. காரணம் இல்லாம ஒருத்தன் ஆறு மாசம் மாமனார் வீட்ல இருப்பானா?"

ஆறு மாதம் என்ற வார்த்தையை அந்தக் கூடத்தில் முதல்முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், அதுவும் அவரே.

அக்கா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அவியள ஒண்ணும் சொல்லாதீங்க. அவிய நாலு வீடு பாத்தாவ. வேண்டாம்னது நான். தண்ணி உப்புன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

"எதுக்குட்டி?" என்றாள் அம்மா.

"அங்கன மாமியார் வீட்ல தினமும் நாலரைக்கு எந்திக்கணும்மா. மூணு வருசம். இங்க ஏழு மணி வரைக்கும் தூங்கலாம். தனி வீடுன்னு போனா திருப்பியும் நான்தான எந்திக்கணும்."

அம்மா அவள் பக்கத்தில் போய் நின்றாள். எல்லாருக்கும் மனம் இளகிப் போயிற்று. எனக்கு இளகவில்லை. அந்த ஆறு மாதமும் அம்மாவுக்கு ஒத்தாசையாக விடிய ஐந்து மணிக்கு எழுந்து பூரி மாவு பிசைந்தவள் நான். அக்கா மூன்று வருஷத் தூக்கத்தை என் அறையில், என் ஃபேனுக்கு அடியில் தூங்கித் தீர்த்திருக்கிறாள். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ இன்னைக்குப் பேசினது போதும்," என்றார் அப்பா.

பத்து நாளில் அவர்கள் இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்துப் போனார்கள். அந்த வீட்டில் நிஜமாகவே தண்ணீர் உப்பு. அதற்கும் நான்தான் காரணமாம். போக வேண்டும் என்று ஆறு மாதம் குசுகுசுத்த அம்மா, அவர்கள் போன அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பிள்ளைகள விரட்டிட்டியே," என்றாள் என்னிடம்.

அண்ணாச்சி நான் பேசியதை எனக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருந்தார். ஜனங்கள் கேட்டார்கள் என்று பொங்கலுக்குத் திரும்பவும் போட்டார். அத்தான் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். "மாமா, இந்த இடத்தக் கவனிங்க," என்று அப்பாவுக்கு விளக்கமும் சொன்னார். முத்தக் காட்சியில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கதை அத்தானுடையதாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதல் பத்து நிமிஷத்திலேயே அதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க, அந்தக் குரல்ல ஒண்ணு பேசும்மா," என்றார்கள். பாட்டுப் பாடச் சொன்னால்கூடப் பாடியிருப்பேன். பட்டுச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, "அந்த ஃபேனை அஞ்சில வையுங்க" என்று மூன்று கண் கமாண்டர் குரலில் பேசினேன். கல்யாணம் நிச்சயமானது அதனால்தான் என்று அத்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

போன வருஷம் என் மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்து மறுபடியும் ஆரம்பித்தார். பணி ஓய்வும் பெற்றுவிட்டார், குரல் மட்டும் குறையவில்லை. கமாண்டராக அவரே பேசினார், என்னைவிட நன்றாக. நான் எழுதாத வசனமாக ஏழெட்டுச் சேர்த்தும் விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், கதை என்னோடது. நான்தான எழுதினேன்?" என்றேன் எல்லார் எதிரிலும்.

"எழுதினது நீதான் கோமு, யாரு இல்லங்கா?" என்றார் அவர். "ஆனா உள்ள வந்து குடியிருந்தது நாங்கல்லா?"

சபையே சிரித்தது. முதலில் சிரித்தவள் அக்கா. அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.