கூட்டேரிப்பட்டில் நின்ற மோட்டாரும் மூத்த மருமகனின் முறையீடும்

விழுப்புரம்,
1939-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி.

முகையூரில் சுகமாக இருக்கும் மதிப்பிற்குரிய மாமா அந்தோணிசாமி அவர்களுக்கு, மூத்த மருமகன் சவுரிராயன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் மகள் இருதயமேரியும் குழந்தைகளும் சுகம். காளைக்கு மட்டும் வலது முன்காலில் லாடம் தேய்ந்திருந்தது, அதையும் நேற்று மாற்றியாயிற்று. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று மறுதபாலில் எழுத வேண்டியது.

தங்கள் கார்டு திங்கட்கிழமை கிடைத்தது. இந்த வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வர நான் வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டாம், சின்ன மருமகன் சின்னதுரை தன் மோட்டாரிலேயே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு வருஷமாக நான்தான் மாட்டைப் பூட்டிக்கொண்டு முகையூருக்கு வந்து தங்களை அழைத்து வருகிறேன். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. மோட்டார் என்றால் என்னவென்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே போன சனிக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பொறாமையில் எழுதுவதாக இருதயமேரி சொல்கிறாள். அவள் பேச்சைத் தாங்கள் நம்பவேண்டாம்.

மறுநாள் தன் குழந்தைக்கு, முழங்கால் வலியால் தாங்கள் வர முடியாமல் போன அந்த ஞானஸ்நானம் என்று எங்களை அழைத்துப் போகத் தம்பி சின்னதுரை திண்டிவனத்திலிருந்து மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் வீட்டுக்குள் வரவில்லை. மோட்டார் கூரைமேல் காக்கை எச்சம் பட்டிருந்ததாம், உடனே ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்காவிட்டால் பெயிண்டைத் தின்றுவிடுமாம். வெயிலில் வைத்துக் கழுவக் கூடாதாம், அதனால் வண்டியை வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளச் சொன்னான், தள்ளினேன். தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்ற வேண்டுமாம், சக்கரத்தைத் துடைத்த துணி உடம்பில் படக் கூடாதாம், கடைசியில் மெத்தென்று ஒரு தோலால் ஒற்றி எடுத்து, டப்பாவிலிருந்து மெழுகு தடவி, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்தான். அந்த மோட்டார் குளிக்க இருதயமேரி கிணற்றிலிருந்து ஆறு குடம் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்தாள். எனக்குக் கல்யாணமான நாளாக நானேதான் இறைத்துக் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியாது.

விக்கிரவாண்டி தாண்டும் வரை நன்றாகத்தான் போனது, அது எனக்கு என்னவோ போல் இருந்தது. கூட்டேரிப்பட்டு வந்ததும் துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இருதயமேரி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். சின்னதுரை சிரித்துக்கொண்டே இறங்கி, "பின் டயரு போச்சுண்ணே. பேஜாரு ஒண்ணுமில்ல, வேற சக்கரம் வச்சிருக்கறேன்" என்றான். வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தான். வைத்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, பழையதைக் கழற்றி, மாற்றுச் சக்கரத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. மாமா, தங்களிடம் மறைப்பானேன், எனக்கு அந்த நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது.

ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. ஊரே திரண்டு வந்துவிட்டது. ஒருவர் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து சின்னதுரையை உட்காரச் சொன்னார், ஒருவர் இளநீர் வெட்டினார், ஒரு கிழவர் குடை பிடித்தார். என்னைப் பார்த்து, "நீங்க ஐயாகிட்ட எத்தினி வருசமா வேல செய்யறீங்க" என்று கேட்டார்கள். போன ஐப்பசியில் இதே கூட்டேரிப்பட்டில், இதே ரோட்டில் என் வண்டி அச்சாணி கழன்று குடை சாய்ந்தது. பள்ளிக்கூட வாத்தியார் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார்கள். ஓடுகிற என் வண்டிக்கு இல்லாத மரியாதை, நின்றுபோன அவன் வண்டிக்குக் கிடைத்தது.

பிறகு அவர்களே வைக்கோல் கொண்டுவந்து டயருக்குள் திணித்துக் கொடுத்தார்கள். ஒரு மைல் போனோம். வைக்கோல் உரசிச் சூடேறிப் பின்னால் புகை, என்ஜினில் தண்ணீர் கொதித்து முன்னால் ஆவி. நடுவில் நாங்கள். இனி ஓடாது என்றான் தம்பி. அப்போதுதான் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மாரியப்பன் என்ற வண்டிக்காரர் வந்தார். தன் பாரவண்டியில் கயிறு கட்டி மோட்டாரைத் திண்டிவனம் வரை இழுத்துத் தருவதாகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை: "எனுக்கு ஒண்ணும் வாணாங்க. திண்டினம் வரிக்கும் நான் அந்த மெத்தயில குந்திக்கினு வர்றேன். மாட்ட வேற ஆரானா ஓட்டட்டும்" என்றார்.

சின்னதுரை மோட்டாரைத் திருப்பும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இருதயமேரி பெண்பிள்ளை. ஆக மாட்டை ஓட்டத் தெரிந்தவன் யார் என்று பார்த்தால் நான்தான். ஏழு மைல், மாமா. மூட்டைமேல் உட்கார்ந்து நான் தலைக்கயிறு பிடிக்க, பின்னால் மோட்டாரின் முன்சீட்டில் மாரியப்பன் சாய்ந்துகொண்டு வழி நெடுக ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் மாடுகள் மிரண்டு என்னை வயலுக்குள் இழுத்தன. திண்டிவனம் கடைத்தெருவில் நுழைந்ததும் நாலைந்து பேர் தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டு மாரியப்பனைக் கும்பிட்டார்கள். என்னிடம் ஒருவர் வந்து, "மூட்ட ஆரு மண்டிக்குப்பா" என்று கேட்டார். மோட்டாருக்குள் இருதயமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று, அதுவும் மோட்டாரில் உட்கார்ந்தல்லவா சிரித்தாள்.

அடுத்ததையும் எழுதிவிடுகிறேன், பிறர் சொல்லித் தங்களுக்குத் தெரியக் கூடாது. ஞாயிறு விடிந்ததும் நான் முதலில் எழுந்தேன். மோட்டார் புழுதியும் புகைக்கரியுமாக நின்றது. உதவியாக இருக்கட்டும் என்று பித்தளைக் குடம் துலக்குகிற செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக் கதவைத் தேய்த்தேன். கெட்ட எண்ணம் பாதிதான், மாமா, மீதி உதவிதான். கை அகலத்துக்குப் பளபளப்பு போய் வெள்ளையாகக் கீறிவிட்டது. சின்னதுரை வந்து பார்த்தான். விரலால் ஒரு தரம் தடவினான். என் கையிலிருந்த நாரையும் பார்த்தான். அதற்குள் உறவு ஜனங்கள் வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "நேத்து கயிறு உராஞ்சிப் போச்சு" என்று சொல்லிவிட்டு, "அண்ணே, கைய கழுவிக்கினு வாங்க, கோயிலுக்கு நேரமாவுது" என்று என் தோளில் கை போட்டு அழைத்துப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். மோட்டாரும் வைத்துக்கொண்டு நல்லவனாகவும் இருந்தால் மூத்தவன் நான் என்னதான் செய்வது?

ஆகையால் வெடிப்பது, கொதிப்பது, புகைவது ஆகிய மூன்றும் உடைய வாகனத்தில் முழங்கால் வலியோடு தாங்கள் ஏறுவது உசிதமல்ல. வண்டியில் புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, பாஸ்குக்கு முதல் நாள் விடியற்காலை நான் வாசலில் வந்து நிற்பேன். மோட்டார் வேண்டாமென்று சின்னதுரைக்குத் தாங்களே ஒரு கார்டு போட்டுவிடவும். அத்தைக்கு எங்கள் ஸ்தோத்திரம். தேவமாதா தங்கள் வீட்டுக்கும் கொல்லைக்கும் எந்தக் குறையும் வராமல் காக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
சவுரிராயன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சின்னதுரை வந்துவிட்டான். புது டயர் போட்டிருக்கிறான். "மாமாவ அழைச்சிக்கினு வர்றது உங்க மொறண்ணே, நான் போனா நல்லா இருக்காது. வண்டியும் ஓட்ற ஆளும் அனுப்பறேன், முன்னால நீங்க குந்திக்கினு போயி இட்டுக்கினு வாங்க" என்கிறான். எனவே மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துவிடவும், கார்டு ஏதும் போடவேண்டாம். பாஸ்குக்கு முதல் நாள் சனிக்கிழமை எட்டு மணிக்கு வருவேன். அப்போது தெருவில் நாலு பேர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளவும். ஹாரன் சத்தம் கேட்ட பிறகு அவர்கள் வந்தால் போதும். தாங்கள் கோபித்துக்கொள்ளாமல், ஏறும்போது காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஏற வேண்டியது.