கறுப்புத் திரையில் ஒரு வரி

சனிக்கிழமை மாலை மணி ஐந்து பதினேழு. எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் சாம்பலும் சரிபாதி. மழை திருவொற்றியூரை மிரட்டிவிட்டு மணலியில் போய்ப் பெய்தது. அந்த நிமிடத்தில்தான் பீம்ராவ், மறுநாள் ராயபுரம் மன்றத்தில் நடக்கும் கேரம் போட்டிக்குத் தன் பெயரை உறுதிசெய்யத் துணிந்தான். வீட்டுக்கு ஒருவர்தான் ஆடலாம் என்பது மன்றத்தின் விதி. மனைவி கார்குழலிக்கும் அதே ஆசை என்பது அவன் விதி.

கடிதம் எழுதக் கையை வருத்துகிறவன் அல்லன் அவன். ஏஐக்கு இடவேண்டிய கட்டளைகளை என்றோ விரிவாக எழுதி, கணினியில் கோப்புகளாகச் சேமித்திருந்தான். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் ‘ஆட்டம்’ என்று தட்டி, பக்கத்தில் விஷயத்தை நாலு சொல்லில் போட்டால், மன்றத்துக்குக் கடிதம் தயாராகிப் போயும் சேர்ந்துவிடும். ‘லீவு’ என்றால் மேலாளருக்கு. ‘சமாதானம்’ என்றால் கார்குழலிக்கு. அந்த வகையில் இதுவரை பதினெட்டு. அத்தனையும் நெஞ்சிலிருந்து வந்தவை என்று அவளிடம் சத்தியம் வேறு செய்திருந்தான்.

‘ஆட்டம்: நாளை நான் வருகிறேன்’ என்று தட்டினான். எண்டரை அழுத்தினான். போனதைப் படித்துப் பார்க்கவில்லை. படிக்கவேண்டும் என்றால் சேமித்து வைப்பது எதற்கு?

இரண்டே நிமிடத்தில் மன்றச் செயலாளர் காஜா மொய்தீன் போனில் வந்தார்.

“இன்னா மாமு, கண்ணு கலங்க அய வெச்சிட்டியே! ‘என்னைவிட என் மனைவி நன்றாக ஆடுவாள், அவள் பெயரைச் சேர்க்கவும்’னு எய்திக்கீறியே! எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சேன். தங்கச்சி பேரை போர்டுல ஏத்தியாச்சு.”

பீம்ராவ் பதறிக் கோப்பைத் திறந்தான். அடியில், மனைவி பெயரையே சேர்க்கச் சொல்லி, அவன் எழுதாத ஒரு வரி புதிதாகக் குந்தியிருந்தது. துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் எட்டு வருடமாக இதே கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டுகிற கார்குழலி கதவருகே நின்றாள்.

“கொயலி! இதுல கை வெச்சது நீதானே?”

“எதுலபா?”

“அந்த லெட்டரு நான் எய்தல. மெஷினு எய்திச்சு! காஜா பாய்கிட்ட சொல்லிடப் போறேன்.”

“அய்யே, மெஷினா? அப்போ எனக்கு வந்த பதினெட்டு?”

பீம்ராவ் கோப்பை அவசரமாக மூடினான்.

“அது… அதெல்லாம் நான்தான்.”

“அப்போ இதுவும் நீதான். போனைக் குடு, அண்ணனுக்கு தேங்ஸ் சொல்லணும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காஜா மொய்தீன் கேரம் பலகையில் பவுடர் தூவினார். ஏழேகாலுக்குக் கார்குழலி சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயையும் போட்டாள். பீம்ராவ் சமையலறையில் அரைக் கிலோ நெத்திலி மீனோடு உட்கார்ந்து, சுத்தம் செய்ய எங்கே கிள்ளுவது என்று கேட்க அவளுக்குப் போன் போட்டான். ஆட்டத்தில் இருந்ததால் அவள் எடுக்கவில்லை.