குறைந்த கட்டணத்தில் ஒரு பிணம்

பனி ஒதுக்கும் வண்டி அன்றும் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. க்ளெண்டா அதைத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் பனியை மிதித்து இறுக்கினாள்.

"வருஷா வருஷம் இதே கூத்து. காலேஜ்ல நான் இதுக்குச் செய்யற இரும்புத் தூண் மட்டும் வரட்டும், ஆரின். அப்புறம் அவன் வண்டிதான் சாயும்."

அவள் கடைசியாகத் திட்டியது அந்த வண்டியைத்தான். சாயங்காலத்துக்குள் அவள் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் கணவர் ஆரின், அந்தத் தூணைக் கேட்டுக் கல்லூரி அலுவலகத்தில் நின்றார். வெல்டிங் கூடத்தில் கேட்பாரற்றுக் கிடப்பதையெல்லாம், பருவம் முடியும் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம். உள்ளே போக மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

"வெல்டிங்ல க்ளெண்டான்னு ஒரு பேரே இல்லையே சார்" என்றாள் எழுத்தர் ஜோலீன், திரையைப் பார்த்தபடி.

"ரெண்டு வருஷமா வந்துட்டிருந்தாம்மா!"

"போன வருஷம் படிப்புக்கு ஏத்த மாதிரி கட்டணத்தைப் பிரிச்சோம். அந்தக் குழப்பத்துல நிறைய பேரு விட்டுப்போச்சு. பேசாம நீங்களே சேர்ந்துடுங்களேன்."

"வெல்டிங் எவ்ளோ?"

அவள் சொன்னாள். ஆரின் நாற்காலியைத் தேடினார்.

"தீயும் இரும்பும் செலவு புடிக்கும்ல? நாடகம்னா மூணுல ஒரு பங்குதான். மூணு வார வகுப்பு ஒண்ணு இருக்கு. மேடைக்கு இரும்புச் சட்டம் அடிக்க அவங்களும் அதே கூடத்துக்குத்தான் போவாங்க."

எழுபது வயதில் ஆரின் நாடக மாணவர் ஆனார்.

மேடை அமைக்கும் குழுவில் இடம் இல்லை. நடிப்பவர்களுக்குத்தான் இருந்தது. "எனக்கு வசனம் மனசுல நிக்காது" என்று அவர் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. நாடக வகுப்பு ஆசிரியர் ப்ரூயிட்டின் முகம் மலர்ந்தது.

"பிணமா நடிங்க! பசங்களைப் படுக்க வெச்சா சிரிச்சே கெடுக்கறானுங்க. நாடகம் முடிஞ்சதும் வெல்டிங் கூடத்துக்குள்ள போக அனுமதிச் சீட்டு தர்றேன்."

ஆரின் படுத்தார். நன்றாகவே படுத்தார். விதவை வேடம் போட்ட பெண் அவர்மேல் விழுந்து, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினாள்.

"நிறுத்து, நிறுத்து! சார், பிணம் அழக் கூடாது" என்று கத்தினார் ப்ரூயிட்.

முகத்தைத் துணியால் மூடினார்கள். துணி நனைந்து மூக்கில் ஒட்ட, பிணம் தும்மியது. பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். நாடகத்தன்று நடுக்காட்சியில் பிணம் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து தண்ணீர் கேட்டது. அரங்கம் கைதட்டியது. திரை விழுந்ததும் ப்ரூயிட் சீட்டை நீட்டினார்.

அதற்குள் பழைய இரும்பை அள்ளும் வண்டி கூடத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. முகத்தில் வெள்ளைப் பூச்சோடு ஆரின் ஓடினார். கூடத்தைப் பெருக்கும் டெல்மர் அவரைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டான்.

"நான் மாணவன்ப்பா! க்ளெண்டாவோட புருஷன். அவ தூணு..."

டெல்மர் மூலையிலிருந்து, சாக்கில் சுற்றிய தூணைத் தூக்கி வந்தான்.

"தனியா எடுத்து வெச்சிருந்தேன் சார். அதென்ன கையில?"

"சீட்டு. இதுக்காக மூணு வாரம் செத்துக் கிடந்தேன்."

"சீட்டா? கட்டணம் ஏறினதுலேருந்து க்ளெண்டா அம்மா காலேஜ்ல சேரவே இல்லையே சார். பின்கதவு வழியாத்தான் வருவாங்க. அந்தப் பூட்டு கெட்டுப்போய்க் கிடக்கு, இன்னும் யாரும் சரி பண்ணல."