காத்தாடிக்கு அப்பா பெயரை வைத்த அண்ணனுக்கு

எருமப்பட்டி,
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் கலையரசன் அவர்களுக்கு, தங்கை தீபிகா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் சுகம். கோழிகளும் பெரும்பாலும் சுகம். அப்பா சுகமா என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. அங்கே பெங்களூரில் நீங்களும், உங்களோடு வேலை பார்க்கும் வித்யா அக்காவும், எதற்காக இருவரும் போனில் சண்டை போட்டுக்கொள்கிறீர்களோ அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர் திரையும் சுகம்தானே. போனில் சொன்னால் மெசேஜ் போடு என்கிறீர்கள், மெசேஜ் போட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் வித்யா அக்காவிடம் பேசியதை எல்லாம் சமையல்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் புரியவில்லை. புரோகிராமில் வரி ஆரம்பிக்கும் முன்பு நாலு இடம் விட வேண்டும் என்று நீங்கள், ரெண்டு போதும் என்று அவர்கள். நிலத் தகராறு என்று நினைத்து அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மவுஸைத் தொடுகிறவன் புரோகிராமரே இல்லை என்றீர்கள். விளக்கம் எழுதி வைப்பது சோம்பேறித்தனம், பெயரைப் பார்த்ததுமே எல்லாம் புரிய வேண்டும், எழுதியவன் செத்துப்போனாலும் அடுத்தவன் படித்து வேலை பார்க்க வேண்டும் என்றீர்கள். அன்று சாயங்காலம் அம்மா உங்களுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டது அதனால்தான்.

அதெல்லாம் உங்கள் ஆபீஸோடு நின்றிருக்கலாம். நம் கோழிச் செட்டுக்கும் ஒரு பெட்டியை மாட்டினீர்கள். வெயில் ஏறினால் செட்டுக்குக் காற்று வீசும் காத்தாடியும், தண்ணீரைப் பனி மாதிரி தூவும் பாகரும் தானாக ஓடும், கரண்ட் போய் வந்தால் மட்டும் மைக்கில் பெயரைச் சொல்லி ‘ஓடு’ என்றால் போதும், நிறுத்த ‘நில்லு’ என்றீர்கள். மோட்டார் ஒன்று, மோட்டார் ரெண்டு என்று வைத்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நம் வீட்டு ஆட்களின் பெயரையே வைத்தீர்கள். கிளம்ப நேரமாகும், கிளம்பினால் சத்தம் ஊருக்கே கேட்கும், அதனால் காத்தாடிக்கு அப்பா பெயர், குழந்தைவேல். ஆரம்பித்தால் லேசில் நிற்காது, அதனால் பாகருக்கு அம்மா பெயர், சௌந்திரம். இருப்பதே தெரியாது என்று மூலையில் இருக்கும் சின்ன பல்புக்கு என் பெயர், அதற்கு ‘ஓடு’ என்றுகூடச் சொல்ல வேண்டாம், பெயர் காதில் விழுந்தாலே எரியும். எனக்கு அப்போதே உறுத்தியது, ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் குரல் வந்திருக்காது. அப்பாவிடம் தானாக ஓடும் என்று மட்டும் சொன்னீர்கள். பழைய சுவிட்ச் போர்டையும் கழற்றிவிட்டீர்கள், அது இருந்தால் நாங்கள் புதிதைப் பழக மாட்டோமாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போய் வந்தது. காத்தாடி ஓடவில்லை. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தன. அப்பா தீனி வாங்க நாமக்கல் போயிருந்தார். முட்டை எடுக்கும் முத்தாயம்மாள் வந்து, “அம்மிணி, இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே உட்டா வரிசையா உழுந்துருமுங்க” என்றார். அம்மா போய் மைக்கின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். “பேரைச் சொல்லி ஓடுன்னு சொல்லும்மா” என்றேன். “உங்கப்பா பேரை நான் எப்படிச் சாமி சொல்லுவேன்? ரேசன் கடையில கூட உன்னையவுட்டுத்தான சொல்ல வெக்கறேன்” என்றாள். பிறகு மைக்கைப் பார்த்து மெதுவாக, “ஏனுங்க, கொஞ்சம் ஓடுங்க” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. “தீபிகா அப்பா, ஓடுங்க” என்றாள். மூலையில் பல்பு எரிந்தது.

அடுத்து நான் நின்றேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராது என்றுதானே பத்தாவதோடு நின்றேன், அது உங்களுக்குத் தெரியாதா அண்ணா? “அப்பா ஓடுங்க” என்றேன். “குழந்தைவேல் அவர்கள் ஓடவும்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் பெட்டிக்கு மரியாதையாகச் சொன்னால் காது கேட்பதில்லை. உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, ‘மீட்டிங். புரோகிராமைப் படி, யாருக்கும் புரியும்’ என்று மெசேஜ் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், நீங்கள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்து படித்தேன். புரிந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. ‘வெயில் கூடினால் குழந்தைவேல் ஓடு. குழந்தைவேல் நின்றுவிட்டால் புது குழந்தைவேல்.’ அதற்குக் கீழே ‘கடைசி குழந்தைவேல்’. அதற்கும் கீழே ‘நிஜமாகவே கடைசி குழந்தைவேல்’. பதற்றத்தில் வாய்விட்டுப் படித்துவிட்டேன். பின்னாலேயே வந்திருந்த அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நின்னுட்டா புதுசா? உங்கொண்ணன் என்னத்தடி எழுதி வெச்சுருக்கறான்?” என்று அழுகை. அதற்குள் முத்தாயம்மாள் ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அதன் கழுத்து தொங்கியது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. செட்டுக்குள் ஓடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “குழந்தைவேல், ஓடு” என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். காத்தாடி ஓடியது. அந்த நேரம் பார்த்துத் தீனி மூட்டையோடு வந்து இறங்கிய அப்பாவும் வண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சோளக்காட்டுக்குள் ஓடினார். பாம்போ கரண்ட் கம்பியோ, உயிருக்கு ஆபத்து என்று யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தாராம். “அம்மிணி சொன்னதும் ரெண்டு பேருமே ஓடறாங்கோ” என்றார் முத்தாயம்மாள். முட்டை ஏற்ற வந்திருந்த லாரிக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அப்பா டீக்கடைக்குப் போனால் டீ வருவதற்கு முன்னால் “குழந்தைவேலு, ஓடு” என்ற குரல்தான் வருகிறதாம். பெயரை மாற்றாவிட்டால் பெட்டியைப் பிடுங்கிக் கிணற்றில் போடப் போகிறார். பெட்டி போனால் சுவிட்சும் இல்லை, இந்த வெயிலில் மிச்சக் கோழிகள் என்ன ஆகும்? என்னோடும் அவர் பேசுவதில்லை.

அதனால் அண்ணா, அ, ஆ, இ என்று எதையாவது பெயராக வைத்துவிடுங்கள். யாருக்கும் புரியாவிட்டால் பரவாயில்லை, புரிந்து பட்டது போதும். ரெண்டு வரி விளக்கமும் எழுதுங்கள், உங்களைச் சோம்பேறி என்று நாங்கள் நினைக்க மாட்டோம். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதி, யாராலும் வாயால் சொல்ல முடியாவிட்டால், அது நல்ல புரோகிராமா, கெட்ட புரோகிராமா? வித்யா அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலு இடமோ ரெண்டு இடமோ யாரோடும் சண்டையில்லாமல் விட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
தீபிகா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பா பெட்டியைப் பிடுங்கக் கிளம்பிவிட்டார். போனவர் என்ன நினைத்தாரோ, மைக்கின் முன் நின்று, “சௌந்திரம், நில்லு” என்றார். பாகர் உடனே நின்றது. “இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் சொன்னதும் நின்னுருக்குது, பாத்தியா கண்ணு” என்று என்னிடம் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போனார். ஆகவே அம்மா பெயர் அப்படியே இருக்கட்டும், அப்பா பெயரை மட்டும் மாற்றுங்கள் என்று எழுத வந்தேன். அதற்குள் செட்டில் இருந்து சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மா தனியாக நின்றுகொண்டு, முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, “குழந்தைவேல், ஓடு” என்கிறாள். ஓடுகிறது. “குழந்தைவேல், நில்லு” என்கிறாள். நிற்கிறது. மறுபடியும் ஓடு என்கிறாள். பொழுது இறங்கி வெயிலே இல்லை அண்ணா, பாகரில் நனைந்த கோழிகள் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கின்றன. எதையும் மாற்ற வேண்டாம். காத்தாடி மோட்டார் மட்டும் புதிதாக ஒன்று அனுப்புங்கள்.