பாலைப்பழம் தின்றுவிட்டுப் பேசப் போனவன்

காடுகளைப் பாதுகாப்பது பற்றி என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் மேடையேறிப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நான் பேசப் போகாமல் பாயைச் சுருட்டாமலே படுத்திருந்தால் காட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து போரில் இடம்பெயர்ந்து வந்து வன்னியில், ஒட்டுசுட்டானில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். (தொண்டர் என்றால் சம்பளம் இல்லை, மரியாதை மட்டும். அதுவும் நான் பேசும்வரைதான்.) எங்களைப்போல் வந்த சனம் கொஞ்சநஞ்சமல்ல. காடு ஒருவரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கொட்டிலுக்குக் கப்பு, வேலிக்குக் கதியால், அடுப்புக்கு விறகு என்று கேட்டதையெல்லாம் தந்தது. நாங்கள் வந்தபோது பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் நின்ற காடு, மூன்று வருடத்தில் சைக்கிளில் போய்ப் பார்க்கவேண்டிய தூரத்துக்குப் போய்விட்டது.

இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அதிபரிடம் போய், ஜூனில் வரும் சுற்றாடல் தினத்தன்று மரம் நடுவோம், நானே பேசுகிறேன் என்றேன். மனம் பொறுக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெயர் வதனி. அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். அந்த ஊர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் சிரித்தால் எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தேவைப்படாது. (பல நாள் சாப்பாடு இருக்கவும் இல்லை. அது வேறு கதை.)

மரம் நடுகிற திட்டத்தை முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

"ஆனியில ஆர் மரம் நடுறது?" என்றாள். "நிலம் வெடிச்சுக் கிடக்கு. மாரி வரட்டும்."

"உலகம் முழுக்க இந்த மாசம்தான் நடுகினம்."

"உலகத்தில மழை பெய்யுதோ தெரியாது. ஒட்டுசுட்டானில பெய்யேல்லை."

நான் விடவில்லை. பிள்ளைகள் சிரட்டைகளில் வேப்பங்கன்று கொண்டுவந்தார்கள். நாற்பது கன்று சேர்ந்தது. அதை நடுகிற விழாவுக்குப் பந்தல் போடக் காட்டில் போய் இருபது இளமரம் வெட்டிவந்தோம். அப்போதுகூட என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், இருந்த துணிச்சலையெல்லாம் திரட்டி வதனியிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். அவள் கொப்பிக் கட்டைத் திருத்திக்கொண்டே கேட்டாள். கோபிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"மரம் நடுகைக்கு நீங்கள்தானே பேசுறியள்? பேசி முடியச் சொல்லுறன்," என்றாள்.

இரண்டு இரவு நித்திரை இல்லை. விழாவன்று விடியவே எழுந்தேன். பாலைப்பழக் காலம். அவளுக்குப் பாலைப்பழம் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். வெறுங்கையோடு போய்ப் பதில் கேட்பதா? கைக்கோடரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு அங்கால் போனேன். காட்டுக்கரையில் ஒரு பாலைமரம், மஞ்சள் மஞ்சளாகக் காய்த்துக் குலுங்கியது. எனக்கு மரம் ஏறத் தெரியாது. கீழே விழுந்ததைப் பொறுக்கலாம்தான். ஆனால் பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே பொறுக்க நேரமில்லை. தாழ்வாக நின்ற பெரிய கொப்பைக் கொத்தினேன். அரை மணித்தியாலம் கொத்தினேன். அது விழுந்த சத்தத்துக்குக் கரடி வந்திருந்தாலும் பயந்து ஓடியிருக்கும்.

துவாயில் பழத்தைக் கட்டினேன். கட்டும்போது ஒன்று வாயில் போட்டேன். தேன். இன்னொன்று. அப்புறம் எண்ணவில்லை. பாலைப்பழம் தின்னுமுன் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசவேண்டும், இல்லாவிட்டால் அதன் பால் பசைபோல ஒட்டிவிடும் என்பது வன்னியில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் படித்த எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வாய் இறுகியிருந்தது. பதட்டமாக்கும் என்று நினைத்தேன். அதிபர் குத்துவிளக்கு ஏற்றி, என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, பேச அழைத்தார். எழுந்துபோய் வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. இடப்பக்க மூலை மட்டும் கொஞ்சம் விலகியது. அந்த ஓட்டையால் "அன்பார்ந்த" என்பது "ம்பாந்த" என்று வந்தது.

முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை எழுந்து நின்றது. வதனியின் வகுப்புத்தான்.

"ரீச்சர், சேர் எண்ணெய் பூசாமப் பாலைப்பழம் திண்டிட்டார்."

சபை குலுங்கியது. நான் செய்ததுதான் உச்சம். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதில் தேங்காயெண்ணெய் இருந்தது. விரலை விட்டேன். சுட்டது. உதறினேன். விளக்கு அணைந்தது, எண்ணெய் அதிபரின் வெள்ளை வேட்டியில் தெறித்தது. ஆனாலும் உதட்டில் பூசிக்கொண்டேன். வாய் திறந்ததும், வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மனப்பாடம் செய்த முதல் வரியை உரத்துச் சொன்னேன்: "ஒரு கொப்பை முறிப்பவன் ஒரு கையை முறிக்கிறான்."

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கும் தெரியாது, ஒருவரும் கேட்கவும் இல்லை.

எல்லோரும் போனபின் வதனி சைக்கிளடிக்கு வந்தாள். அதில் கட்டியிருந்த கோடரியைப் பார்த்தாள், துவாயை அவிழ்த்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எங்க வெட்டினது?"

"குளக்கட்டுக்கு அங்கால. காட்டுக்கரையில."

"வயல் வரம்போட நிக்கிறதோ? பக்கத்தில புத்து? தாழ நிண்ட கொப்போ?"

"ஓம்."

"அது எங்கட மரம். அந்தக் கொப்பிலதான் வருசா வருசம் முதல் பழுக்கும்." ஒரு காயை எடுத்து உருட்டினாள். "இதில பாதி இன்னும் காய். பழுத்தால் அது தன்ர பாட்டில விழும். நாங்கள் கீழ உரப்பையை விரிச்சுப்போட்டு விடியப் போய்ப் பொறுக்கிறனாங்கள். கரடிக்கும் மிச்சம் விடுவம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்காதவள் மாதிரி, "ஓம் எண்டுதான் சொல்ல இருந்தனான்," என்றாள்.

"இப்ப?"

"இப்ப தெரியேல்லை. அடுத்த முறை அது பழுக்கட்டும், சொல்லுறன்."

எனக்குப் பொறுமை உண்டென்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. அன்று நட்ட நாற்பது கன்றுக்கும் தினமும் பின்னேரம் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். ஆனி, ஆடி, ஆவணி. அவள் சொன்னதுபோலவே ஒவ்வொன்றாகக் கருகின. ஒன்பது மட்டும் பிடித்தன. சில நாள் வதனி வராந்தாவில் நின்று பார்ப்பாள். ஒருநாள் ஒரு வாளியை அவளும் தூக்கினாள்.

கடைசியில் மாரி வந்தது. கன்றுகளுக்கு இனி நான் தேவையில்லை என்று சந்தோசப்பட்ட கிழமையே ஷெல்லும் வந்தது. ஊர் ஒரே நாளில் கிளம்பியது. நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம், வதனி வீட்டார் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட ஒருவரும் இல்லை. சந்திக்குச் சந்தி நின்று பார்த்தேன். காணவில்லை. அடுத்த ஆனியில் அந்த மரம் பழுத்திருக்கும். பொறுக்க ஆள் இருந்திருக்காது. கரடிகளுக்கு நல்ல வருடம்.

பிறகு சுற்றாடல் பற்றி எத்தனையோ கட்டுரை வாசித்தேன், கருத்தரங்குகளில் பின்வரிசையில் இருந்தேன். மழையில் நடு, விழுந்ததைப் பொறுக்கு, மற்றதுகளுக்கும் மிச்சம் விடு என்பதைவிடக் கூடுதலாக எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். மனுசி, இரண்டு பிள்ளைகள். கலியாணமான புதிதில் இந்தக் கதையை நானே உளறிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு பரிமாறப்படுகிறது. பிள்ளைகள் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு "ம்பாந்த" என்று நடித்துக் காட்டுவார்கள். ஆனி மாதத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தால் மனுசி குசினிக்குள் இருந்தே குரல் கொடுப்பாள்: "இஞ்சரப்பா, எடுங்கோ. பதிலாயிருக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த மாதத்தில் மட்டும், எங்கள் வீட்டில் தொலைபேசியை முதலில் ஓடிப்போய் எடுப்பது நான்தான்.